ஆணியில் தொங்கும் வி-பெல்ட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

"அங்கிள், கிரைண்டர் பெல்ட் ஒண்ணு வேணும். நாப்பத்து மூணு இன்ச்."

சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடையில் இப்படிக் கேட்டால், அங்கிள் ஏ-43 என்ற வி-பெல்ட்டை (மோட்டாரின் சுழற்சியை மெஷினுக்குக் கடத்தும் ஆப்பு வடிவ ரப்பர் பட்டை) எடுத்து நீட்டிவிடுவார். தப்பு அவர்மேல் இல்லை. கேட்டவர் பழைய பெல்ட்டின் முதுகில் டேப்பைச் சுற்றி அளந்திருக்கிறார், 43 அங்குலம் வந்திருக்கிறது. ஆனால் ஏ-43 என்ற பெயரில் இருக்கும் 43 உள்சுற்றளவு. அதன் முதுகில் அளந்தால் 45 அங்குலம் வரும். அவருக்கு வேண்டியது ஏ-41. இரண்டு அங்குலம் நீளமான பெல்ட்டை மாட்டினால் மோட்டாரை இன்னும் 25 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். கிரைண்டரின் அடித்தட்டில் அவ்வளவு நீளத்துக்குத் துளை இருக்காது. அரைகுறை இறுக்கத்தில் ஓடவிட்டால் பத்தே நாளில் ரப்பர் தீய்ந்த வாடை வரும், "மட்டமான பெல்ட்" என்று பழியும் வரும்.

இந்த மதிப்பீடு பிராண்டைப் பற்றியதல்ல. கேட்ஸ், ஆப்டிபெல்ட், மிட்சுபோஷி, பாண்டோ, ஃபென்னர், பிக்ஸ் என்று எந்தப் பெயரை வாங்கினாலும், வகையும் எண்ணும் தவறினால் கதி ஒன்றுதான். இங்கே பார்க்கப்போவது சிங்கப்பூர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெல்ட் வகைகளை. சமையற்கூடம், மாவு மில், கம்ப்ரசர், கட்டடத்துக் காற்றோட்ட ஃபேன் ஆகியவற்றில் எது எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் எண்களின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்த ஊரில் அது கொஞ்சம் அதிகம், ஏனென்றால் மெஷின்கள் எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன. கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து, கம்ப்ரசர் ஜப்பானிலிருந்தோ தைவானிலிருந்தோ, ஏர்கான் ப்ளோவர் ஐரோப்பாவிலிருந்து. ஒவ்வொன்றும் தன் நாட்டு எண் முறையைக் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. கடையில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

பழைய கிளாசிக்கல் வகையில் எழுத்து குறுக்குவெட்டைச் சொல்கிறது. இசட் என்றால் மேல் அகலம் 10, உயரம் 6 மி.மீ. ஏ என்றால் 13-க்கு 8, பி 17-க்கு 11, சி 22-க்கு 14. ஜப்பானிய ஜிஸ் தரத்தில் ஏ என்பது 12.5-க்கு 9, இசட் இருக்கும் இடத்தில் 10-க்கு 5.5 அளவில் எம் என்று ஒன்று. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் அங்குலத்தில் உள்சுற்று. நல்ல கம்பெனி பெல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் முதுகில் மூன்று எண் அச்சாகியிருக்கும்: ஏ-41, அடுத்து 13×1041 எல்ஐ, அடுத்து 1071 எல்டி. மூன்றும் ஒரே பெல்ட்தான். எல்ஐ என்பது உள்சுற்று. எல்டி என்பது பெல்ட்டுக்குள் இழுவையைத் தாங்கும் கயிறு ஓடும் உயரத்தில் எடுத்த சுற்று. புல்லி (பெல்ட் உட்காரக் காடி, அதாவது பள்ளம், வெட்டிய சக்கரம்) கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். ஏ வகைக்கு உள்சுற்றோடு 30 மி.மீ. கூட்டினால் எல்டி, 50 கூட்டினால் வெளிச்சுற்று. பி வகைக்கு அது 40-ம் 69-ம். இந்த நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொண்டாலே கடைக்கு இரண்டாம் முறை போகும் பேருந்துக் காசு மிச்சம்.

எஸ்பிஇசட், எஸ்பிஏ, எஸ்பிபி, எஸ்பிசி என்று தொடங்குபவை ஐரோப்பிய நேரோ வகை. இவற்றின் எண் நேராக எல்டி, அதுவும் மி.மீ.-ல். எஸ்பிஏ 1282 என்றால் 1282 மி.மீ. அவ்வளவுதான், சுத்தமான முறை. அமெரிக்க 3வி, 5வி வகைகளில் எண் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு: 5வி1000 என்றால் 100 அங்குலம். 4எல்430-ம் அப்படியே, 43.0 அங்குலம், ஆனால் அது வெளிச்சுற்று. ஆக 4எல்430-ம் ஏ-41-ம் ஒரே நீளம், ஒரே அகலம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது, ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

அளப்பது எப்படி? பழைய பெல்ட் முழுசாக இருந்தால் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தரையில் நேர்கோட்டில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை டேப் பிடியுங்கள். வெளிச்சுற்று வரும். அதிலிருந்து ஏ-க்கு 50 கழித்து 25.4-ஆல் வகுத்தால் நம்பர். ஆனால் ஓடித் தேய்ந்த பெல்ட் நீண்டிருக்கும், அதனால் கணக்கு இரண்டு நம்பருக்கு நடுவில் நின்றால் சிறியதை எடுங்கள். அகலத்தையும் தேய்ந்த பெல்ட்டில் நம்ப வேண்டாம். 13 மி.மீ. பெல்ட் தேய்ந்து 12-ஆக நிற்கும்.

பெல்ட் அறுந்து காணாமலே போய்விட்டால் புல்லியை அளக்க வேண்டியதுதான். இரண்டு சாஃப்டின் (புல்லி மாட்டிய சுழல் தண்டு) மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு புல்லி விட்டங்களையும் கூட்டி 1.57-ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். விட்டங்களின் வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி, மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்து அதையும் சேருங்கள். உதாரணத்துக்கு மைய தூரம் 400, புல்லிகள் 200-ம் 100-ம். 800, அதோடு 471, அதோடு 6.25. மொத்தம் 1277 மி.மீ. இது எல்டி. ஏ வகை என்றால் 30 கழித்து 1247, அங்குலத்தில் 49.1. வாங்க வேண்டியது ஏ-49. மைய தூரத்தை அளக்கும்போது மோட்டாரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். துளையின் கடைசி முனையில் நிறுத்தி அளந்தால் பிறகு இறுக்க இடமே மிஞ்சாது. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள்: மாட்டுவதற்கும் தளர்வு கிடைக்கும், பின்னால் இழுக்கவும் இடம் இருக்கும்.

மெஷின்மேல் ஒட்டியிருக்கும் பெல்ட் நம்பரை நம்பலாமா? பாதி நேரம் நம்பலாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த மெஷினை இங்கே ஓட்டினால் மோட்டார் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், 1750 சுற்று 1450-க்கு வந்துவிடும். அதைச் சரிக்கட்ட மோட்டார் பக்கப் புல்லியைப் பெரிதாக மாற்றியிருப்பார்கள். 100-க்குப் பதில் 120 மி.மீ. புல்லி என்றால் பெல்ட் நீளம் சுமார் 30 மி.மீ. கூடிவிடும், ஆனால் ஸ்டிக்கரில் பழைய நம்பர் அப்படியே இருக்கும். பழைய மெஷினை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் ஸ்டிக்கரை விட டேப்பை நம்புவது நல்லது.

இனி வகை வகையாக.

துணி சுற்றிய சாதாரண ஏ, பி பெல்ட். கடையில் மிகவும் மலிவு இதுதான், கிரைண்டருக்கும் மசாலா மில்லுக்கும் நல்லதும் இதுதான். விலை கூடிய பல் வெட்டிய பெல்ட்டைப் போட்டால் இன்னும் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லுக்கு அடியில் உளுந்து இறுகி ஒரு கணம் நின்றால், துணி உறை புல்லியில் வழுக்கிக்கொடுக்கும். அந்த வழுக்கல்தான் மோட்டாரையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. பக்கவாட்டில் துணி இல்லாத அந்தப் பல் வெட்டிய பெல்ட் அப்படி விட்டுக்கொடுக்காது, கெட்டியாகப் பிடிக்கும். இன்னொரு காரணம் எண்ணெய். குளோரோப்ரீன் ரப்பரில் செய்து துணி சுற்றிய பெல்ட், சமையற்கூடத்து எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு தாங்கும். வெப்பத்துக்குப் பேர்போன ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று: ஏ வகைக்குச் சின்னப் புல்லி 75 மி.மீ.-க்குக் குறையக் கூடாது, பி-க்கு 125. அதற்குக் கீழே போனால் உள்பக்கம் வரிவரியாக வெடிக்கும். எந்தக் கம்பெனி பெல்ட்டும் அதிலிருந்து தப்பாது.

4எல். இதுதான் பெரிய ஏமாற்று. அகலம் ஏ மாதிரியே அரை அங்குலம், காடியில் அழகாக உட்காரும், கையில் வளைத்தால் ஏ-வை விட மிருதுவாக இருக்கும், "நல்ல மிருது" என்று ஆட்கள் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். அது ஒரு குதிரைசக்திக்கும் குறைந்த மோட்டாருக்கான பெல்ட், உள்ளே கயிறு மெல்லியது. கடையளவு கிரைண்டரில் போட்டால் நீண்டுகொண்டே போகும். தலைகீழாகச் செய்தாலும் தொல்லைதான்: 4எல் ஓட வேண்டிய சின்னஞ்சிறு புல்லியில் ஏ-வைப் போட்டால் வளைய முடியாமல் சூடாகி வெடிக்கும். அமெரிக்க மரவேலை மெஷின், சின்ன ஃபேன் தவிர வேறெதற்கும் இதை வாங்க வேண்டாம்.

பல் வெட்டிய ஏஎக்ஸ், பிஎக்ஸ், எக்ஸ்பிஏ. இந்தப் பற்களுக்குப் பல் புல்லி தேவையில்லை, பற்கள் எதிலும் பூட்டிக்கொள்வதும் இல்லை. பெல்ட் எளிதாக வளையவும் சூடு ஆறவும் வெட்டியவை அவை. அதே சாதாரண வி-புல்லியில் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் ஏர்கான் ப்ளோவருக்கும் கூலிங் டவர் ஃபேனுக்கும் இதுதான் சரியான வாங்கல். துணி பெல்ட்டை விடச் சுமார் 2 சதவீதம் மின்சாரம் மிச்சம். 7.5 கிலோவாட் சுமை வருடம் முழுக்க நிற்காமல் ஓடினால் 2 சதவீதம் என்பது 1300 யூனிட்டைத் தாண்டும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் 390 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், பெல்ட் விலை வித்தியாசம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடும் கிரைண்டருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எஸ்பி வகை. அதே அகலத்தில் உயரம் கூடுதல், அதனால் அதிகப் பாரம் இழுக்கும். எஸ்பிஏ 12.7-க்கு 10. "ஏ புல்லியில் எஸ்பிஏ போடலாமா அண்ணே?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. ஐஎஸ்ஓ 4183 என்ற சர்வதேசத் தரத்தின்படி எஸ்பிஏ-வுக்காகக் கடைந்த காடி குறைந்தது 13.75 மி.மீ. ஆழம், அதில் ஏ-வும் ஓடும். ஏ-வுக்காக மட்டும் கடைந்த காடி 11.45 ஆழம் இருந்தால் போதும். அதில் எஸ்பிஏ புதிதில் ஓடிவிடும். காடிச் சுவர் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கியதும் அடி தட்டும், அப்புறம் பிடிப்பே இருக்காது. புல்லியும் எஸ்பிஏ என்று தெரிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

லிங்க் பெல்ட். தனித்தனித் துண்டுகளைக் கோர்த்த பாலியூரிதேன் பெல்ட், வேண்டிய நீளத்துக்குக் கழற்றிப் பூட்டலாம். விலை கடிக்கும். ஆனால் சாஃப்டையும் பேரிங்கையும் கழற்றாமல் பெல்ட்டே உள்ளே போகாத ஃபேன்களில் அரை நாள் கூலி மிச்சம். புல்லியைச் சுற்றிக் கையால் இழுத்து அளந்தபின், 24 துண்டுக்கு ஒன்று வீதம் எடுத்துவிட்டுப் பூட்டுவது ஏ, பி அளவுகளுக்கு வழக்கம். நிரந்தரமாகப் போடுவதை விட, நடுராத்திரிக்குக் கைகொடுக்கும் பொருளாக ஒரு பெட்டி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் வாஷிங் மெஷின் பெல்ட் வேறு ஜாதி, பிஜே வகை. உள்ளே நீளவாக்கில் வரிகள், ஒரு வரிக்கு 2.34 மி.மீ. 1270 ஜே5 என்றால் 1270 மி.மீ., ஐந்து வரி. கார் ஆல்டர்னேட்டர் பெல்ட் பிகே, வரிக்கு 3.56 மி.மீ., 6பிகே1755 என்று எழுதுவார்கள். வாஷிங் மெஷினில் பெரும்பாலும் இழுபடும் வகைதான், இறுக்க வசதியே இருக்காது. இழுபடாத பெல்ட்டை அதே நீளத்தில் வாங்கினால் மாட்டவும் முடியாது, மாட்டினாலும் நிற்காது. எண்ணோடு பின்னால் வரும் எழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள்.

டைமிங் பெல்ட்டில் (பல் புல்லியில் பூட்டிக்கொண்டு ஓடும் பெல்ட்) ஏமாறும் இடம் ஒன்றுதான்: எக்ஸ்எல்-லும் டி5-ம் கண்ணுக்கு ஒன்றுபோல. ஒன்றின் பல் இடைவெளி 5.08, மற்றதில் 5.00 மி.மீ. ஒரு பல்லை அளந்தால் தெரியாது, இருபது பல்லை அளங்கள். 101.6 வந்தால் எக்ஸ்எல், சரியாக 100 வந்தால் டி5. பல் உருண்டையாக இருந்தால் இரண்டும் இல்லை, அது எச்டிடி 5எம்.

மாட்டுவதில் நடக்கும் கொலை பெல்ட் விலையை விடப் பெரியது. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி, புல்லி விளிம்பில் ஏற்றி மாட்டுவது பரவலான பழக்கம். அந்த நெம்பலில் உள்ளே ஓரக் கயிறு ஒன்று அறும். வெளியே தழும்புகூடத் தெரியாது, இரண்டு வாரம் கழித்து பெல்ட் காடிக்குள் புரண்டு படுக்கும். மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் தள்ளி, கையால் மாட்டி, பிறகு பின்னால் இழுப்பது ஐந்து நிமிட வேலை. புல்லியின் வரிசை அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. நேரான கம்பி ஒன்றை இரு புல்லி முகத்திலும் வைத்தால் இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

இறுக்கத்துக்கு விரல் வைத்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதை விட ஒரு ஸ்பிரிங் தராசு நல்லது. புல்லிகளுக்கு இடையே பெல்ட் தொடாமல் ஓடும் நீளத்தின் நடுவில் அழுத்துங்கள், மீட்டருக்கு 16 மி.மீ. வீதம் இறங்க வேண்டும். மேலே சொன்ன 400 மி.மீ. டிரைவில் அது 6.4 மி.மீ. சின்னப் புல்லி 80-இலிருந்து 140-க்குள் இருந்தால் ஏ பெல்ட்டை அவ்வளவு இறக்க ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ போதும். அதைவிட லேசாக இறங்கினால் தளர்வு, கீச்சுச் சத்தம் வரும். அதிகமாகக் கேட்டால் பேரிங் சூடாகும். புது பெல்ட் அரை மணி நேரம் பாரத்தோடு ஓடியதும் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை திரும்ப இறுக்குங்கள். பாதிப் பேர் இந்த இரண்டாம் இறுக்கலைச் செய்வதே இல்லை. கீச்சுச் சத்தத்துக்கு ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம், அது சத்தத்தை மறைத்து பெல்ட்டை உப்பவைக்கும்.

புது பெல்ட்டும் அடிக்கடி போகிறதென்றால் புல்லியைப் பாருங்கள். காடியின் அடிப்பக்கம் பளபளவென்றிருந்தால் பெல்ட் தரை தட்டுகிறது. காடிச் சுவர் பள்ளமாகி, அளவுகோல் வைத்தால் 0.8 மி.மீ.-க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் புல்லியை மாற்றும் காலம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பெல்ட் வரிசை கோணலைச் சொல்கிறது, ஒரே இடத்தில் கருகிய பெல்ட் மெஷின் நின்றபோது மோட்டார் மட்டும் சுற்றியதைச் சொல்கிறது. இரட்டை பெல்ட் டிரைவில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்து, ஒரே கம்பெனியில் மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது தனியாகச் சுமந்து சீக்கிரம் சாகும்.

கடைசியாக அந்த ஆணி. பெல்ட்டை 29 டிகிரிக்கும் 70 சதவீத ஈரப்பதத்துக்கும் கீழே வைத்தால் ஏழெட்டு வருடம் கெடாது என்பது பெரிய உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. குளிர்சாதனம் இல்லாத, தெருவைப் பார்த்துத் திறந்த சிங்கப்பூர்க் கடையில் இரண்டும் நடக்காது. ஒரே ஆணியில் வருடக்கணக்கில் தொங்கிய பெல்ட் அந்த இடத்தில் கூர்மையாக மடிந்து நிற்கும். வாங்குமுன் அந்த மடிப்பை உள்பக்கமாக விரித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, கையில் எடுத்ததும் வட்டமாக விரியாமல் நீள்வட்டமாகவே தொங்கினாலோ, அட்டை உறையில் இருப்பதாக வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். அங்கிள் முணுமுணுப்பார், ஆனால் உள்ளே இருந்து எடுத்துத் தருவார்.